ஆப்பிரிக்காவின் வாசலில் ஐரோப்பா நிற்கும் கதைகள்

கேள்வி இது: "ஆப்பிரிக்கா பணக்காரக் கண்டமாகவும், ஐரோப்பியர்கள் அங்கே பிழைப்புத் தேடிப் போகிறவர்களாகவும் வரும் நையாண்டிக் கதைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எதில் தொடங்கலாம்? ஆளை இடம் மாற்றிப் போட்டதைத் தவிர அவற்றில் வேறு என்ன இருக்கிறது?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். புத்தகங்களில் அப்துரஹ்மான் வாபெரியின் நாவலில் தொடங்குங்கள். வாபெரி கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டுக்காரர், பிரெஞ்சில் எழுதுகிறவர். நாவல் 2006-இல் வந்தது, 2009-இல் ஆங்கிலத்துக்குப் போனது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஆப்பிரிக்க ஐக்கிய நாடுகளில்'. சின்ன நாவல்தான், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம்.

இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாவலின் முதல் சில பக்கங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எரித்திரியாவின் அஸ்மாரா நகரம். நாவலில் அதுதான் ஆப்பிரிக்கக் கூட்டரசின் தலைநகரம். அங்கே அகதிகளுக்கான ஒரு தங்குமிடத்தில் ஒரு தச்சன் இருக்கிறான். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரச் சேரியில் பஞ்சம் தாங்காமல் ஓடி வந்தவன். கதை சொல்லும் குரல் அவனை 'யாகூபா' என்று கூப்பிடுகிறது. ஏன் அந்தப் பெயர் என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறது. ஒன்று, அவன் அடையாளத்தைக் காப்பாற்ற. இரண்டாவது, அவனுடைய குடும்பப் பெயர் வாயில் நுழையவே நுழையாது. அவன் பேசும் ஜெர்மானிய மொழி, யாருக்கும் புரியாத ஏதோ ஒரு வட்டாரப் பேச்சு என்று ஒரே வரியில் ஒதுக்கப்படுகிறது. எய்ட்ஸ் நோய் கிரேக்கத்தின் இருட்டுச் சந்துகளில் தோன்றியதாகச் சொல்கிறார்கள் என்று ஒரு தகவல் போகிற போக்கில் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமையகம் காம்பியாவின் பஞ்சூல் நகரத்தில் இருக்கிறது. ஊரெல்லாம் 'மெக்டியோப்' உணவகம், 'சார் ம்போக்' காப்பிக்கடை, 'ஹாஜி தாஸ்' ஐஸ்கிரீம்.

மெக்டொனால்ட்ஸும் ஸ்டார்பக்ஸும் ஹாகன்-டாஸும் ஆப்பிரிக்க வேடம் போட்ட இந்தக் கடைப் பெயர்களைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் என்னை உலுக்கியது அந்தக் குடும்பப் பெயர் விஷயம்தான். கதை சொல்கிறவருக்கு யாகூபாவின் மேல் கோபமோ வெறுப்போ கிடையாது. நன்றாகப் படித்த, நாலு புள்ளிவிவரம் தெரிந்த, மனிதாபிமானமுள்ள ஒருவரின் குரல் அது. யாகூபாவுக்காக அவர் வருத்தப்படுகிறார். அவன் ஊரில் குழந்தைகள் சாவதைப் பற்றியும் குழுச் சண்டைகளைப் பற்றியும் கவலையோடு பேசுகிறார். அவனுடைய சொந்தப் பெயரை மட்டும் ஒருமுறை உச்சரித்துப் பார்க்க முயலவில்லை.

வாபெரி தலைகீழாகத் திருப்பியிருப்பது இந்தக் குரலைத்தான் என்பது என் எண்ணம். பணம் கைமாறுவது மேலோட்டமான மாற்றம். யார் யாரைப் பற்றி விளக்கிச் சொல்கிறார்கள், யாருக்கு யார் பெயர் வைக்கிறார்கள், அந்த உரிமை கைமாறுவதுதான் உள்ளே நடப்பது. இந்த வகைக் கதைகளில் நல்லதையும் சுமாரானதையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவுவதும் இந்த ஒரு விஷயம்தான்.

வாபெரி ஏன் இப்படி எழுதினார் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே தடயம் இருக்கிறது. அவர் பிறந்த 1965-இல் ஜிபூட்டி ஒரு பிரெஞ்சுக் காலனி, பெயர் பிரெஞ்சு சோமாலிலாந்து. 1977 ஜூன் 27 அன்றுதான் விடுதலை கிடைத்தது. 1985-இல் படிக்க பிரான்ஸ் போனவர், நார்மண்டிப் பகுதியின் கான் நகரத்தில் பல வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்தார். 1998-இல் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் சிலர் ருவாண்டாவுக்குப் போய், இனப்படுகொலை நடந்த இடங்களைப் பார்த்து எழுதிய முயற்சியில் இவரும் சேர்ந்துகொண்டார். அந்த அனுபவம் 2000-இல் தனிப் புத்தகமாகவே வந்தது. மண்டையோடுகளைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் எட்டு வருடம் கழித்து ஒரு நையாண்டி நாவல் எழுதுகிறார் என்றால், அது விளையாட்டுக்காக இல்லை.

நாவலின் மையப் பாத்திரம் யாகூபா அல்ல, மாயா. நார்மண்டியில் பிறந்த வெள்ளைக் குழந்தை. மருத்துவ உதவிக்காக அங்கே போன ஓர் ஆப்பிரிக்க மருத்துவர் அவளைத் தத்தெடுத்து அஸ்மாராவுக்குக் கொண்டுவந்து வளர்க்கிறார். நாவல் முழுக்க அவரை 'டாக்டர் அப்பா' என்றே சொல்கிறது. அவர் உண்மையிலேயே நல்லவர். வீட்டில் அன்புக்குக் குறையில்லை. பள்ளிக்கூடத்தில்தான் அவள் நிறம் அவளுக்கு முன்னால் போய் நிற்கிறது. வளர்ந்து கலைஞராகிறாள். பிறகு தன்னைப் பெற்றவளைத் தேடி, வறுமையில் கிடக்கும் பாரிஸுக்குப் போகிறாள். கதை முழுக்க அவளைப் பார்த்து "நீ" என்றே பேசுகிறது. "நீ இப்படிச் செய்தாய், நீ அங்கே போனாய்" என்கிற இந்தப் பேச்சில், அவள் மேல் பிரியமும் இருக்கிறது, அவளைவிட அவளைப் பற்றித் தனக்கு அதிகம் தெரியும் என்கிற தோரணையும் இருக்கிறது. தத்தெடுத்த நாட்டுக்கும் தத்துப் போன குழந்தைக்கும் இடையில் இருக்கிற உறவு முழுவதும் அந்த ஒரு 'நீ'யில் அடங்கிவிடுகிறது. படிக்கும்போது இதைக் கவனியுங்கள்.

அஸ்மாராவைத் தலைநகரமாகத் தேர்ந்தெடுத்ததிலும் வலி இருக்கிறது. எரித்திரியா 1993-இல்தான் தனி நாடானது. 18 மாதம் என்று சட்டம் சொல்லும் கட்டாயத் தேசிய சேவை முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போனதால், வாபெரி எழுதிய அந்தக் காலத்தில் எரித்திரிய இளைஞர்கள் சூடான் வழியாகவும் எத்தியோப்பியா வழியாகவும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 2005-இன் கடைசி மாதங்களில், மொராக்கோ ஓரத்தில் ஸ்பெயினுக்குச் சொந்தமான சியூட்டா, மெலில்லா நகரங்களின் முள்வேலிகளைத் தாண்ட முயன்ற ஆப்பிரிக்கர்கள் செத்துப் போனார்கள். அடுத்த வருடம் இந்த நாவல் வருகிறது. எந்த ஊரிலிருந்து பிள்ளைகள் ஓடினார்களோ அதே ஊரை, ஓடி வருகிறவர்கள் தஞ்சம் கேட்கும் ஊராக ஆக்கினார், அடுத்த நாட்டைச் சேர்ந்த இந்த எழுத்தாளர்.

இனி என் வகுப்பில் நடந்த ஒன்று. நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறேன். இந்த நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டிவிட்டு மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தேன். உண்மையில் நடந்த ஓர் ஐரோப்பியச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆப்பிரிக்கச் செய்திகளை நம் பத்திரிகைகள் எழுதும் மொழியில் அதை எழுதுங்கள், ஒரு தகவலைக்கூட மாற்றக் கூடாது. ஒரு மாணவி எழுதி வந்தது இது: "பெல்ஜியம் நாட்டில் பிளெமிஷ், வாலூன் என்ற இரு பழங்குடிகளுக்கு இடையே நீடிக்கும் பகையால், 541 நாட்களாக அரசு அமைக்க முடியாத அவலம் தொடர்ந்தது." 2010-11-இல் பெல்ஜியத்தில் நடந்தது அதுதான், 541 நாள் என்பது சரியான கணக்கு. நம் பத்திரிகைகளில் அது 'அரசியல் நெருக்கடி'யாக வந்தது. 'பழங்குடி', 'பகை', 'அவலம்' என்ற மூன்று சொற்களைச் சேர்த்ததும் படிக்கிறவர் மனதில் புழுதியும் துப்பாக்கியும் வந்துவிடுகின்றன. வகுப்பில் சிரித்தார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் 4 கோடிக்கு மேல். நார்வேக்காரர்கள் சுமார் 55 லட்சம். யொரூபாவைப் 'பழங்குடி' என்று எழுதக் கை தானாகப் போகிறது, நார்வே 'நாடு' ஆகிவிடுகிறது. இந்த வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் போய் நிற்கும். ஆப்பிரிக்காவை 'இருண்ட கண்டம்' என்று தமிழில் எழுதினோம், சொன்னோம், வினாத்தாளில் "இருண்ட கண்டம் எது?" என்று கேட்டு ஒரு மதிப்பெண்ணும் கொடுத்தோம். அந்தப் பெயர் ஆங்கிலத்தில் பரவியதற்கு 1878-இல் வந்த ஹென்றி ஸ்டான்லியின் பயண நூல் ஒரு பெரிய காரணம். வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவரை இருட்டு என்று அழைத்த அந்தப் பெயரை, நாமும் காலனிக்குள் இருந்துகொண்டே கடன் வாங்கினோம்.

இந்த இடத்தில் பெர்னர்டைன் எவரிஸ்டோவின் நாவலுக்கு வரலாம். 2008-இல் வந்த 'பிளாண்ட் ரூட்ஸ்'. எவரிஸ்டோ லண்டனில் பிறந்தவர், அப்பா நைஜீரியர், அம்மா ஆங்கிலேயர். 2019-இல் வேறொரு நாவலுக்காக புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதுதான் உலகம் முழுக்கத் தெரிந்தார். ஆனால் என் கணக்கில் அவருடைய துணிச்சலான புத்தகம் இதுதான்.

இதில் அட்லாண்டிக் அடிமை வணிகம் முழுவதும் திசை மாறி ஓடுகிறது. இங்கிலாந்தில் முட்டைக்கோஸ் பயிரிடும் குடியானவனின் மகள் டோரிஸ் ஸ்காகிள்தோர்ப். பத்து வயதுக் குழந்தையாக இருக்கும்போது கடத்தப்பட்டு, கப்பலில் அடைக்கப்பட்டு, 'ஆஃப்ரிக்கா'வின் சீமான் ஒருவனிடம் அடிமையாகிறாள். அவனுடைய பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் 'கே' தான். கே கே கே என்று அவள் உடம்பில் சூடு போடுகிறார்கள். அமெரிக்காவில் அந்த மூன்றெழுத்து, கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தினுடையது. அவளுக்கு ஓமொரெனோம்வாரா என்று புதுப் பெயர் வைக்கிறார்கள். புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் ஆஃப்ரிக்கா மேலே, ஐரோப்பா கீழே. எசமானர்களின் தலைநகரம் லண்டோலோ.

நாவல் மூன்று பாகம். முதலும் கடைசியும் டோரிஸ் தன் வாயால் சொல்வது. நடுப்பாகம்தான் புத்தகத்தின் உச்சம் என்பேன், அதைச் சொல்வது எசமானன். அவன் அடிமை வணிகத்தை நியாயப்படுத்தி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறான். வெள்ளையர்களின் மண்டையை அளந்தால் அவர்கள் ஏன் முழு மனிதராக முடியாது என்பது தெரியும் என்று 'அறிவியல்' பேசுகிறான். அவர்களுக்கு வலி நம்மைப் போல உறைக்காது என்கிறான். ஐரோப்பாவுக்குள் தான் போன பயணத்தைச் சாம்பல் நிறத்தின் இதயத்துக்குள் போன பயணமாக வர்ணிக்கிறான். அந்த மழையும் மேகமும் மூடிய ஊரில் மனிதர்கள் எப்படி இப்படி வாழ்கிறார்கள் என்று முகம் சுளிக்கிறான். வெள்ளைக்கார வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் 18-ஆம் நூற்றாண்டில் மெய்யாகவே எழுதிய பிரசுரங்களைப் படித்தவர்களுக்கு, எவரிஸ்டோ இதில் எவ்வளவு குறைவாக இட்டுக்கட்டியிருக்கிறார் என்று தெரியும்.

டோரிஸ் என்ன செய்கிறாள்? வெளியே ஓமொரெனோம்வாரா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், உள்ளே டோரிஸாகவே இருக்கிறாள். யாகூபாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு இவளுக்குக் கிடைத்திருக்கிறது, கதையைச் சொல்வது இவளே.

பெயர் விஷயத்தை இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசக் காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. நட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம். 1911 வரை அப்படிப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு, கப்பல் பதிவேட்டில் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார்கள். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். இன்றும் டர்பனில் அந்தப் பெயர்களைத்தான் அவர்களின் கொள்ளுப்பேரர்கள் கையெழுத்தாகப் போடுகிறார்கள். ஓமொரெனோம்வாராவைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு அதனால்தான் அது வெறும் கற்பனை இல்லை. 'கள்ளத்தோணி' என்ற சொல்லையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து போன தமிழர்களை இலங்கையில் அந்தப் பெயரால் இழித்தார்கள். தமிழ்ச் சொல்தான், தமிழர் மேலேயே எறியப்பட்டது. இன்று மத்தியதரைக் கடலில் கவிழும் படகுகளைப் பற்றிப் படிக்கும்போது அந்தச் சொல் என் காதில் ஒலிக்காமல் இருப்பதில்லை.

சரி, திரைப்படங்களுக்கு வருவோம். 2006-இலேயே, வாபெரியின் நாவல் வந்த அதே வருடம், பெனின் நாட்டில் பிறந்த சில்வெஸ்ட்ர் அமூசு 'ஆஃப்ரிக் பாராதி' என்ற படத்தை எடுத்தார். 2033-ஆம் ஆண்டு நடக்கும் கதை. பிரான்ஸில் வேலை கிடைக்காத ஒரு கணினிப் பொறியாளரும் ஓர் ஆசிரியையும், கள்ளத்தனமாக ஆப்பிரிக்காவுக்குள் நுழைகிறார்கள். பிடிபடுகிறார்கள். அவள் ஓர் ஆப்பிரிக்க அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்காரி ஆகிறாள். படித்த படிப்புக்கும் செய்கிற வேலைக்கும் சம்பந்தமில்லாமல் போவதைக் காட்டும் காட்சிகள் நன்றாக வந்திருக்கின்றன. மற்றபடி படம் கொஞ்சம் நேர்கோட்டில் போகிறது. ஒவ்வொன்றையும் திருப்பி வைத்துவிட்டு, பார்த்தீர்களா என்று நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆஸ்திரியத் தொலைக்காட்சிக்காக வால்டர் விப்பர்ஸ்பெர்க் 1992-இல் எடுத்த 'கோழித் திருவிழா' இதைவிடப் பல மடங்கு கூர்மையானது. கயோங்கா ககாமே என்ற ஆப்பிரிக்க ஆய்வாளர் ஒரு படப்பிடிப்புக் குழுவோடு, 'வெளியுலகம் தொடாத' ஆஸ்திரிய மாகாணம் ஒன்றுக்குப் போகிறார். எல்லாம் ஆவணப்படத்தின் அச்சு அசலான நடை. அமைதியான பின்னணிக் குரல், நிதானமான கேமரா, உள்ளூர்க்காரர்களைத் தூரத்திலிருந்து காட்டும் காட்சிகள்.

இந்த ஊர்க்காரர்கள் கிறிஸ்தவர்கள் என்று கேள்விப்பட்டு வந்த அந்த ஆய்வாளருக்கு, தேவாலயங்கள் காலியாகக் கிடப்பது ஆச்சரியமாக இருக்கிறது. கூட்டம் எங்கே என்று பார்த்தால், பெரிய பெரிய கூடாரங்களில் இருக்கிறது. நீண்ட பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பெரிய கண்ணாடிக் குவளைகளில் பீர் குடித்துக்கொண்டு, எல்லோரும் ஒரே உணவைச் சாப்பிடுகிறார்கள், வறுத்த கோழி. அவர் குறித்துக்கொள்கிறார். இவர்களின் சமயத்தில் ஆட்டுக்குட்டி புனிதமானது என்று ஏட்டில் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் அந்த இடத்தைக் கோழி பிடித்துவிட்டது போலத் தெரிகிறது. சந்தேகம் இன்னும் தீரவில்லை. அப்போது இசைக்குழு ஒரு பாட்டை வாசிக்கிறது. கூடாரத்தில் இருந்த பெரியவர், சிறியவர் எல்லோரும் எழுந்து முழங்கையை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆய்வாளருக்கு இனி சந்தேகமே இல்லை.

அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தேவாலயம் காலிதான். கூட்டம் கூடாரத்தில்தான். கோழி தின்றார்கள், இறக்கை அடித்தார்கள். கேமரா முன்னால் நடந்தது அத்தனையும் உண்மை. கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமல், பார்த்ததை மட்டும் அடுக்கி முடிவுக்கு வந்ததுதான் கோளாறு. நூறு வருடமாக எத்தனையோ கிராமங்களைப் பற்றி இப்படித்தான் தடித்தடியான நூல்கள் எழுதப்பட்டன. தீமிதி, காவடி, அலகு குத்துவது பற்றி வெளியார் எடுத்த படங்களைப் பார்த்து, "இது அப்படி இல்லையே" என்று முணுமுணுத்த ஒவ்வொரு தமிழருக்கும் அந்த ஆஸ்திரிய ஊர்க்காரர்களின் நிலைமை புரியும்.

இதற்கு முன்னோடியும் உண்டு. ழான் ரூஷ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர், நைஜர் நாட்டு நண்பர்களோடு சேர்ந்து எடுத்த 'பெத்தித் ஆ பெத்தி' படத்தில், தமூரே என்ற நைஜர் வியாபாரி பாரிஸுக்குப் போய் வழிப்போக்கர்களை நிறுத்தி அவர்கள் தலையை அளக்கிறார், பல்லைப் பார்க்கிறார், அளவுகளை எழுதிக்கொள்கிறார். காலனி காலத்தில் ஆப்பிரிக்கர்களை வரிசையில் நிறுத்திச் செய்தது அதைத்தான்.

2012 நவம்பரில் நார்வே மாணவர்களின் உதவி அமைப்பு ஒன்று வெளியிட்ட பாட்டுக் காணொளியையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். நார்வேயில் குளிரில் வாடும் குழந்தைகளுக்காக ஆப்பிரிக்கர்கள் அறை சூடேற்றும் ரேடியேட்டர்களைத் திரட்டி அனுப்புகிறார்கள். பஞ்சத்துக்கு நிதி திரட்டும் பாட்டுகளில் வரும் அதே உருக்கம், அதே கூட்டுக்குரல், அதே நனைந்த கண்கள். நார்வேயில் குளிர் இருப்பது உண்மைதான். அதை மட்டுமே காட்டி ஒரு நாட்டை அறிமுகப்படுத்தினால் எப்படி இருக்கும் என்பதற்குச் சில நிமிடப் பாட்டு போதுமானதாக இருந்தது. அதே அமைப்பு பிறகு சில வருடங்கள், உதவி கேட்கும் விளம்பரங்களில் நல்லதற்கு ஒரு விருதும், மோசமானதற்குத் 'துருப்பிடித்த ரேடியேட்டர்' விருதும் கொடுத்தது.

இவற்றிலிருந்து விலகி நிற்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஜார்ஜ் ஷைலர், 1936 முதல் 1938 வரை 'பிட்ஸ்பர்க் கூரியர்' வார இதழில் புனைபெயரில் ஒரு தொடர்கதை எழுதினார். டாக்டர் பெல்சைடஸ் என்ற கறுப்பின மேதை, இரகசிய அமைப்பொன்றைக் கட்டி ஆப்பிரிக்காவை மீட்டு, ஐரோப்பிய வல்லரசுகளை வீழ்த்துகிறார். 1935 அக்டோபரில் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்திருந்தது. அந்த ஆத்திரத்தில் இருந்த வாசகர்கள் தொடரைக் கொண்டாடினார்கள். ஷைலருக்கே அதன்மேல் மதிப்பில்லை, நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மட்டமான எழுத்து என்று ஒதுக்கினார். இது பழிதீர்க்கும் கனவு. அந்தக் காலத்து மனக்காயம் அதில் தெரிகிறது, அதனால் அதை இளக்காரமாகப் பார்க்க எனக்கு மனமில்லை. ஆனால் வாபெரியோ எவரிஸ்டோவோ செய்வது இது அல்ல. அவர்களின் ஆப்பிரிக்கா நாம் ஆசைப்பட்டுப் போய் வாழக்கூடிய இடமே இல்லை. அங்கேயும் வாசலில் காவல் இருக்கிறது, சேரி இருக்கிறது, சவுக்கு இருக்கிறது.

இந்த வகையின் மேல் ஒரு நியாயமான குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏணியைத் தலைகீழாக நிறுத்தினாலும் அது ஏணிதான். பணக்கார ஆப்பிரிக்காவைக் கற்பனை செய்யச் சொன்னால், மேற்கத்தியக் கடைகளுக்கு ஆப்பிரிக்கப் பெயர் வைத்துவிட்டுப் போவது போதுமா? உலகத்தின் பணக்காரக் கண்டமானால் அஸ்மாராவும் ஜங்க் உணவு விற்றுத்தான் தீர வேண்டுமா? வாபெரியின் நாவலைப் பற்றி எனக்கு இருக்கும் மனக்குறையும் இதுதான், அந்தக் கடைப் பெயர்கள் கொஞ்சம் அதிகம்.

இதற்கு நிஜ உலகத்திலேயே ஓர் உதாரணம் நடந்தது. 2008-க்குப் பிறகு வந்த பொருளாதாரச் சரிவில் போர்ச்சுகல்லில் வேலையில்லாமல் போன பொறியாளர்களும் கட்டடத் தொழிலாளர்களும் விசாவுக்கு வரிசையில் நின்றது எங்கே தெரியுமா? லிஸ்பனில் இருந்த அங்கோலாத் தூதரகத்தில். 1975 வரை போர்ச்சுகல்லின் காலனியாக இருந்த அதே அங்கோலா. அங்கே எண்ணெய்ப் பணம் கொழித்தது. போர்ச்சுகல்லின் பிரதமர் 2011 நவம்பரில் லுவாண்டாவுக்குப் போய், அங்கோலாவின் முதலீட்டை வரவேற்பதாகச் சொன்னார். அங்கோலா அதிபரின் மகள் போர்ச்சுகல்லின் வங்கிகளில் பங்கு வாங்கினார். நாவல் மாதிரியே இருக்கிறது அல்லவா? ஆனால் லுவாண்டாவின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்தத் திருப்பத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2014-இல் எண்ணெய் விலை விழுந்ததும் வந்தவர்கள் பலர் ஊர் திரும்பினார்கள்.

தலைகீழ்க் கற்பனையில் புதிதாகவே ஓர் உலகத்தைக் கட்டிப் பார்த்த கதை ஒன்று சென்னையில்தான் முதலில் அச்சானது. ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆணும் பெண்ணும் இடம் மாறுவது பற்றியது. வங்காளத்தின் ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு', 1905-இல் சென்னையிலிருந்து வந்த பெண்கள் ஆங்கில இதழில் வெளியானது. அதில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைப் பிடித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள். ஆட்கள் மாறியதோடு உலகம் நடக்கும் விதமும் மாறியது. ஆப்பிரிக்காவை வைத்து அப்படியொரு கதைக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

ஆனாலும் ஏணியைத் திருப்புவதே போதுமான வேலையைச் செய்துவிடும் தருணங்கள் உண்டு. மலோரி பிளாக்மன் 2001-இல் இளையோருக்காக எழுதிய 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்' நாவலில் கறுப்பர்கள் ஆளும் வர்க்கம், வெள்ளையர்கள் ஒடுக்கப்பட்டவர்கள். நையாண்டி இல்லை, சோகக்கதை. அதில் ஒரு சின்ன விஷயம் வரும். வெள்ளைப் பெண் ஒருத்தியின் நெற்றிக் காயத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி கரும்பழுப்பு நிறம். வெளுத்த தோலில் அது திட்டாகத் தெரிகிறது. அவள் நிறத்துக்கு யாரும் பிளாஸ்திரி செய்வதில்லை, அவ்வளவுதான். இந்தப் புத்தகம் வந்து 19 வருடம் கழித்து, 2020-இல்தான் பிரிட்டனின் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று வெவ்வேறு தோல் நிறங்களில் பிளாஸ்திரி விற்கத் தொடங்கியது.

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று என் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். க்ரேயான் பெட்டியைத் துழாவிவிட்டு, "அப்பா, ஸ்கின் கலர் எங்கே?" என்று கேட்டாள். வெளிர் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த அந்தக் க்ரேயான் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் வரைந்துகொண்டிருந்தது அவள் பாட்டியை. க்ரேயானைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன், சுவரோரம் உட்கார்ந்திருந்த என் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் ஒருவர்கூட அந்த நிறம் இல்லை.

ஆக, நீங்கள் கேட்ட வரிசை. முதலில் அந்தக் கோழித் திருவிழாவைப் பாருங்கள், மொழி பெரிய தடையாக இருக்காது, கண்ணால் பார்த்தே பாதி புரிந்துவிடும். அடுத்து வாபெரி. யாகூபா வரும் அந்த முதல் அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள், இரண்டாம் முறை ஜூரிக் வரும் இடத்திலெல்லாம் நீங்கள் செய்தியில் மட்டுமே கேள்விப்பட்ட ஓர் ஆப்பிரிக்க ஊரின் பெயரை வைத்துப் படியுங்கள். பிறகு எவரிஸ்டோ. அதில் நடுப்பாகத்துக்கு வரும்போது எசமானனின் குரல் எரிச்சலூட்டும், சிலர் அங்கேயே மூடிவைத்துவிடுகிறார்கள். மூடாதீர்கள். அவன் பேசி முடித்ததும் டோரிஸ் திரும்ப வருகிறாள்.